நீரோட்டம் பார்த்து நடுகிறவர்கள்

சிங்கப்பூரில் செராங்கூன் நார்த் அவென்யூ 1 பக்கம் போனால், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் வண்ணமீன் கடைகள் நெருக்கமாக இருக்கும். அதில் ஒன்றின் பின்கட்டில், காய் நறுக்கும் பலகைமேல் உள்ளங்கை அகலத் தோல்பவளம் ஒன்று கிடந்தது. தடித்த தண்டு, மேலே காளான் வடிவத் தலை. தொட்டித் தண்ணீரைத் தெளித்து ஈரம் காயாமல் வைத்திருந்தார் அண்ணன். கடையில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். தூத்துக்குடிப் பக்கம் வேம்பாறு சொந்த ஊர்.

சவர பிளேடை வைத்துத் தலையைத் தண்டிலிருந்து பிரித்தார். சளி வழிந்தது. அறை முழுக்கக் காரமான ஒரு வாடை. பிளேடு அடித்தண்டில் இறங்கும்போது நறநறவென்று மணல் அறுபடும் ஓசை கேட்டது. தோல்பவளம் மென்பவள வகை, அதற்குக் கல்லாலான கூடு கிடையாது. ஆனால் சதைக்குள் பொடிப்பொடியாகச் சுண்ணாம்பு முட்கள் புதைந்திருக்கின்றன, தண்டு நிமிர்ந்து நிற்பது அவற்றால்தான். தலையைத் துண்டு போட்டு, சுத்தமான உப்புத் தண்ணீரில் அலசி எடுத்தார். தலை போன தண்டு திரும்பவும் தொட்டிக்குப் போனது. அதில் புதுத் தலை முளைக்குமாம்.

இனிதான் கஷ்டமான வேலை. கல்பவளத் துண்டு என்றால் சூப்பர் குளூ ஜெல் ஒரு சொட்டு போதும். மென்பவளத்தில் பசை சளியைத்தான் பிடிக்கும், சதையைப் பிடிக்காது. மறுநாள் காலையில் துண்டு தொட்டியின் ஏதாவது ஒரு மூலையில் உருண்டு கிடக்கும். அதனால் இங்கே ஒட்டுவதில்லை, பிடிக்கவைக்கிறார்கள். சின்னக் கல்மேல் துண்டை வைத்து, வலைத்துணியால் மூடி, ரப்பர் பேண்டு போடுகிறார்கள். தண்டுள்ள துண்டாக இருந்தால் ஒரு பல்குத்தியைக் குறுக்கே செருகி, அந்தக் குச்சியைக் கல்லோடு கட்டுகிறார்கள். பிறகு நீரோட்டம் குறைந்த ஒரு டப்பாவில் வைத்துவிட்டால், ஒன்றிரண்டு வாரங்களில் சதை தானே கல்லின்மேல் படர்ந்து பிடித்துக்கொள்ளும். ஜொகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வேலைக்கு வரும் இளைஞர் ஒருவர் கட்டிக்கொண்டிருந்தார். அவர் போட்ட ரப்பரை அண்ணன் விரலால் நெம்பிப் பார்த்தார்.

“அறுத்துப்புடும்டா. விழாம இருந்தாப் போதும், நெரிக்கக் கூடாது.”

“சரிண்ணே” என்று அவிழ்த்து மறுபடி கட்டினார் அவர்.

மென்பவளத்தைக் கற்றுக்குட்டிகளுக்கான பவளம் என்று கடைக்காரர்கள் சொல்லி விற்பது வழக்கம். சீக்கிரம் சாகாது என்பது உண்மைதான். ஆனால் அது ஒரு இடத்தில் நிலைத்து வளர்வதற்குப் பின்னால் எவ்வளவு கைப்பழக்கம் இருக்கிறது என்பதை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

மாலையில் பவளம் நட அவர்கள் இருவரோடும் தோ பாயோவில் ஒரு வீவக வீட்டுக்குப் போனேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் வீடு. கூடத்தில் மூன்றடி நீளக் கடல்நீர்த் தொட்டி. குழாய்த் தண்ணீரை அதில் நேராக ஊற்ற முடியாது. சிங்கப்பூர்க் குடிநீரில் குளோரமின் கலந்திருக்கிறது, ஒருநாள் வாளியில் பிடித்துவைத்தாலும் குளோரின் மாதிரி அது பறந்துவிடாது. ஆர்ஓ வடிகட்டியில் எடுத்த தண்ணீரில் உப்புக் கலந்து, ஒப்படர்த்தி 1.025 காட்டும்வரை சரிபார்த்துத்தான் ஊற்றுகிறார்கள். வெப்பம் 26 டிகிரியைத் தாண்டாமல் இருக்க ஒரு சில்லர் ஓடிக்கொண்டிருந்தது.

பவளப் பைகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அண்ணன் தொட்டி முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தார். மோட்டார்கள் எல்லாம் ஓடுகின்றன. உறைந்த இறால்குஞ்சுத் தீனியைக் கரைத்து, நீண்ட குழலால் உறிஞ்சி, பாறைகளுக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். துகள்கள் எங்கே சுழல்கின்றன, எங்கே நேராகப் பாய்கின்றன, எங்கே அப்படியே தரையில் இறங்குகின்றன என்று பார்த்துக்கொண்டே இருந்தார். மீன்கள் தின்றது போக மிச்சம் இரண்டு இடங்களில் படிந்தது. அந்த இரண்டு இடத்திலும் எதையும் வைக்கக் கூடாது என்றார். மோட்டார் நேராக அடிக்கும் முகப்பும் ஆகாது. தோல்பவளம் ஒருபக்கமாகச் சாய்ந்து, நாளடைவில் கிழியும். தண்ணீர் பாறையில் மோதி உடைந்து, திசை மாறி மாறி வரும் இடம்தான் அவருக்கு வேண்டும். அளக்கும் கருவி எதுவும் இல்லாமல் கண்ணால் மட்டும் அதைக் கண்டுபிடித்தார். அன்று நான் பார்த்தவற்றில் என்னை மிகவும் ஈர்த்தது இதுதான்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைச் சேர்த்துப் பழக்கி, தட்டைப்புழு போக மருந்துத் தண்ணீரில் முக்கி, அலசி வைத்தார்கள். தோல்பவளம் முதலில் தாழ்வான இடத்தில். விளக்கின் வெளிச்சமும் குறைக்கப்பட்டது. பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசி திடீர் வெளிச்சத்தைத் தாங்காது, பவளம் வெளிறிவிடும். பச்சை நட்சத்திரப் பவளத்தைத் தனித் தீவாக மணலில் ஒரு கல்மேல் வைத்தார். பாறையில் வைத்தால் பாய் விரித்ததுபோல் எல்லாவற்றையும் மூடிவிடும். ஜீனியா என்ற மென்பவளமும் தனியே. அதன் கைகள் விரிந்து மூடி விரிந்து மூடித் துடிப்பதை டீச்சர் கண்ணெடுக்காமல் பார்த்தார். அந்தத் துடிப்பு வீணல்ல. செங்கடலில் ஏலாத் கரையோரம் அதே குடும்பத்துப் பவளத்தை ஆராய்ந்த இஸ்ரேலிய விஞ்ஞானிகள் 2013-ல் எழுதினார்கள்: துடிக்கும்போது சதையைச் சுற்றித் தேங்கும் ஆக்சிஜன் விலகுகிறது, ஒளிச்சேர்க்கை கூடுகிறது.

“தோல்பவளத்தை இந்தக் கல்பவளம் பக்கத்துல வைக்கலாமா தம்பி?”

“வேணாம் டீச்சர். இது தொடாமலே அடிக்கும்.”

தோல்பவளம் டெர்பீன் வகை வேதிப்பொருள்களைத் தண்ணீரில் கசியவிடும். அண்டையில் இருக்கும் கல்பவளம் அதில் குன்றிப்போகும். அதற்காகத்தான் வடிகட்டிப் பெட்டியில் கரிப்பை போடுகிறார்கள், அதை மறக்காமல் மாற்றுகிறார்கள்.

அடுத்த வாரம் டீச்சரிடமிருந்து அழைப்பு வந்தபோது நானும் கடையில் இருந்தேன். தோல்பவளம் சுருங்கிவிட்டது, மேலே மெழுகு பூசினமாதிரி பளபளக்கிறது, செத்துவிட்டதா என்று பதறினார். “தொடாதீங்க டீச்சர். தோல் உரிக்குது. தண்ணி ஓட்டம் மட்டும் அதுமேல படணும்” என்றார் அண்ணன். பாசியும் அழுக்கும் படிந்த மேல்தோலை இப்படித்தான் அது கழற்றிப்போடும். சில நாளாகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். அந்தச் சமயத்தில் பயந்துபோய் இடம் மாற்றி மாற்றி வைப்பவர்களின் தொட்டியில்தான் நிறைய பவளம் போகிறது என்று சொன்னார். சும்மா இருக்கச் சொல்வதற்கும் அனுபவம் வேண்டும். ஒன்றும் செய்யாத அந்த வேலைக்கு யாரும் காசு தருவதில்லை.

கடையில் ஒரு தொட்டியைக் காட்டும்போது அவர் முகம் மாறியது. டென்ட்ரோநெஃப்தியா என்ற மென்பவளம், சிவப்பும் மஞ்சளுமாக அத்தனை அழகு. இதன் சதையில் நுண்பாசி கிடையாது, விளக்கால் பயனில்லை. ஓயாமல் மிதந்துவரும் நுண்ணுயிர்தான் இதற்குச் சாப்பாடு. வீட்டுத் தொட்டியில் அது கிடைக்காமல் மெல்ல மெல்லச் சுருங்கிச் சாகும். கடலிலிருந்து பிடுங்கி வருவது அதற்காகவா? இதை விற்கவே கூடாது என்பது என் கருத்து. கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கும்வரை முதலாளி தருவித்துக்கொண்டேதான் இருப்பார் என்றார் அண்ணன்.

அண்ணனுடைய அப்பா ஊரில் கடலடிப் பாரில் முங்கிப் பவளக்கல் பெயர்த்தவர். சுண்ணாம்புக் காளவாய்க்கு வள்ளம் வள்ளமாகப் போனது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீருக்குள் போனதற்கு அப்படிக் கல்லெடுத்ததும் ஒரு காரணம். 2001-ல் கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. அப்பா வேறு வேலைக்குப் போனார்; மகன் பவளத்தை நடும் வேலைக்கு வந்தார். தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதலே அதே பார்களில் கல்பவளத் துண்டுகளைக் கட்டி வளர்த்துவருகிறது. கட்டுகிற பதமும் நீரோட்டம் பார்க்கிற கண்ணும் அங்கேயும் வேண்டும். இந்தக் கைகள் அங்கே போய்ச் சேர வேண்டும் என்று மனசார விரும்புகிறேன், அவரிடமும் சொன்னேன்.

“இங்க வேலைக்குக் குடுத்த எஸ் பாஸ் முடிஞ்சா ஊருக்குத்தான சார் போவணும்” என்றார், ரப்பர் பேண்டுகளை எண்ணி டப்பாவில் போட்டபடி. “அங்க இதுக்கு மாசம் என்ன தருவாங்கன்னு விசாரிச்சுச் சொல்லுங்க.”