புயலின் பெயரும் நம் சகோதரரின் பெயரும்



ஐப்பசி பிறந்துவிட்டால் காதர்பேட்டை வியாபாரிகள் வானிலைச் செய்தியைத் தவறவிடுவதில்லை. கடல் நமக்கு வெகு தூரம். ஆயினும் அங்கே புயல் எழுந்தால் இங்கே பனியன் கட்டுகள் லாரி ஆபீசிலேயே தேங்கிவிடும். "இந்தப் புயலுக்கு என்ன பெயர், பாஸ்டர்?" என்று என்னிடமும் கேட்பார்கள்.

வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் உருவாகும் புயல்களுக்கு 2004 முதல் பெயர் சூட்டப்படுகிறது. இப்போதைய பட்டியலில் 13 நாடுகள், நாட்டுக்கு 13 வீதம், 169 பெயர்களைத் தந்திருக்கின்றன. காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால், இந்திய வானிலை ஆய்வுத் துறை வரிசையில் அடுத்த பெயரை அறிவிக்கும். 'வர்தா' பாகிஸ்தான் தந்தது. 'கஜா' இலங்கை தந்தது. நம் நாட்டின் பெயர்களில் 'முரசு' என்னும் தமிழ்ச் சொல்லும் உண்டு. பெயர் எவரையும் புண்படுத்தலாகாது என்பது விதி. 2013இல் 'மகாசேன்' என்பது தங்கள் பழைய மன்னரின் பெயராயிற்றே என்று இலங்கையில் எதிர்ப்பு எழுந்ததால் அதை மாற்றினார்கள். ஒருமுறை சூட்டிய பெயரை மறுமுறை சூட்டுவதுமில்லை.

பவுல் சென்ற கப்பலை மோதிய காற்றுக்கும் யூரோக்கிலிதோன் என்று பெயர் இருந்தது. அக்கப்பலில் இருந்த 276 பேரில் நாம் பெயரறிந்தவர்கள் மிகச் சிலரே.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. அடுத்த மாதமே ஒரு சகோதரர் குடும்பத்தோடு இங்கு வந்து, காதர்பேட்டைக் கடையொன்றில் பனியன் மடித்து அடுக்கும் வேலையில் சேர்ந்தார். "கஜாவில் எல்லாம் போயிற்று, பாஸ்டர்" என்றார். அன்றுமுதல் அவர் நமக்குக் 'கஜா தம்பி'. அப்படி முதலில் அழைத்தவன் நானே. அன்போடுதான் அழைத்தேன். வானிலைத் துறை ஒரே தடவையோடு விட்டுவிட்ட பெயரை, நாம் இத்தனை ஆண்டுகள் ஒரு மனிதர்மேல் சுமத்தியிருந்தோம்.

சென்ற மாதம் ஞாயிறு பள்ளிப் பதிவேட்டில் அவருடைய மகள் தகப்பனார் பெயரை எழுதினாள். "இது யாரம்மா?" என்று கேட்டேன். பிள்ளை பதில் சொல்லாமல் என் முகத்தையே பார்த்தாள்.

அன்று மாலையே கடைக்குச் சென்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கையிலிருந்த பனியனை மடித்து வைத்துவிட்டு, "அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் தோப்புதான் கண்முன் வரும், பாஸ்டர். நீங்கள் ஆசையாய்க் கூப்பிடுகிறீர்கள் என்று பேசாமல் இருந்துவிட்டேன்" என்றார்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஆராதனை முடிந்ததும் வாசலில், செருப்பு விடும் இடத்தருகே மகளுக்காகக் காத்து நிற்பார். நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.