வில்லியம்ஸ்போர்ட்டில் எண்ணிய பந்துகள்

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டிலிருந்து இன்டர்ஸ்டேட் 80-ஐப் பிடித்து, டெலவேர் வாட்டர் கேப்பைத் தாண்டி மேற்கே போனால் சுமார் மூன்று மணி நேரத்தில் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட் வந்துவிடும். வழியெல்லாம் மலையும் காடும்தான். போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். மதுரையிலிருந்து ஆறு மாதம் எங்களோடு இருக்க வந்திருந்த அப்பா முன் சீட்டில். பின்னால் மனைவியும் 11 வயது மகனும். மகன் மடியில் பேஸ்பால் கிளவ். ஆனால் அவன் பிட்ச் பண்ணக் கூடாது என்று டாக்டர் சொல்லி மூன்று மாதம் ஆகியிருந்தது.

ஆகஸ்டில் அந்த ஊரில்தான் லிட்டில் லீக் உலகத் தொடர் நடக்கும். 10 முதல் 12 வயதுப் பிள்ளைகள். 20 அணிகள், பாதி அமெரிக்காவிலிருந்து, பாதி மற்ற நாடுகளிலிருந்து. நுழைவுச்சீட்டுக்குக் காசு கிடையாது. "இந்த வருஷம் கூட்டிட்டுப் போறேன்" என்று ஜனவரியிலேயே வாக்குக் கொடுத்திருந்தேன். அப்போது அவன் கை நன்றாக இருந்தது. வாக்கை மாற்ற மனசு வரவில்லை.

முதலில் மேற்கு நான்காம் தெருவுக்குப் போனோம். ஒரு காலத்தில் மரம் அறுக்கும் தொழிலில் பெரும் பணம் பார்த்த ஊர் இது. அந்தத் தெருவில் பழைய மர வியாபாரிகளின் மாளிகைகள் இன்னும் நிற்கின்றன. அதே தெருவில் இன்னும் மேற்கே போனால் கார்ல் ஸ்டாட்ஸ் பெயரில் ஒரு சின்ன மைதானம். லிட்டில் லீக் என்ற ஒன்றை 1939-இல் மூன்றே அணிகளை வைத்துத் தொடங்கியவர் அவர். 1947-இல் ஆரம்பித்த உலகத் தொடர், 1958 வரை இந்த இடத்தில்தான் நடந்தது.

வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். அப்பாவுக்கு ஒரே ஆச்சரியம். "இவ்வளவுதானா? நம்ம தெருப் பிள்ளைங்க ஆடுற இடம் மாதிரி இருக்கே!"

சின்னதாக இருப்பதுதான் விஷயம். பெரியவர்கள் ஆட்டத்தில் ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் 90 அடி. ஸ்டாட்ஸ் தன் அக்கம்பக்கத்துப் பையன்களை ஓடவிட்டுப் பார்த்து, 60 அடி போதும் என்று முடிவு பண்ணினார். பிட்சர் நிற்கும் தூரமும் அப்படித்தான். பெரியவர்களுக்கு 60 அடி 6 அங்குலம், லிட்டில் லீக்கில் இன்று 46 அடி. பிள்ளையை ஆட்டத்துக்கு ஏற்ப இழுக்காமல், ஆட்டத்தைப் பிள்ளையின் அளவுக்கு வெட்டித் தைத்திருக்கிறார்.

மகன் வேலிக் கம்பியைப் பிடித்தபடி மவுண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு மே மாதம் ஞாபகம் வந்தது.

அவன் அப்போது இரண்டு அணியில் ஆடினான். சனிக்கிழமை ஊர் லீக். ஞாயிற்றுக்கிழமை டிராவல் டீம். அந்த வார சனிக்கிழமை 62 பந்து போட்டான், ஜெயித்தார்கள், பீட்சா சாப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமை 48 பந்து. அதற்குப் பிறகு இரண்டு இன்னிங்ஸ் கேட்சராகவும் உட்கார்ந்தான். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே 11 வயதுக்கான வரம்பான 85-க்கு உள்ளேதான். இரண்டு கோச்சும் அவரவர் தாளில் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். 62-ஐயும் 48-ஐயும் கூட்ட வேண்டிய ஒரே ஆள் நான். இரண்டு நாளும் மைதானத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவன் நான்தான். ஆபீசில் நாள் முழுக்க லாக் ஃபைல்களைக் கூட்டிக் கழிக்கிறவன், என் பையனின் இரண்டு எண்களைக் கூட்டவில்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஏப்ரலிலேயே அவன் டூத்பிரஷை இடது கையில் பிடிக்க ஆரம்பித்திருந்தான். "கை எப்படிடா இருக்கு?" என்று காரில் கேட்பேன். "ஃபைன்ப்பா" என்பான். அதற்குமேல் நானும் கேட்கவில்லை. வலி என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று அவனுக்குப் பயம். எனக்கும் அதே பயம் இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். குளிர்காலம் முழுக்க உள்ளரங்கில் பிட்சிங் பாடத்துக்குக் காசு கட்டியிருந்தேனே!

எக்ஸ்ரே பார்த்துவிட்டு டாக்டர் பொறுமையாக விளக்கினார். இந்த வயதில் எலும்பு இன்னும் முடிந்த வீடு இல்லை. முழங்கையின் உள்பக்க மேட்டில் வளர்ச்சித் தட்டு என்று ஒன்று இருக்கிறது. எலும்பு வளர்கிற இடம், குருத்து மாதிரி மென்மையானது. பந்து வீசும் ஒவ்வொரு முறையும் தசையும் தசைநாரும் அந்த இடத்தைப் பிடித்து இழுக்கும். இழுத்த இடம் ஆற நேரம் வேண்டும். நேரம் கொடுக்காமல் மறுபடி மறுபடி இழுத்தால் முதலில் புண்ணாகும், அப்புறம் பிளந்துகூடப் போகலாம். பெரியவர்களுக்குத் தசைநார் கிழிகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அதற்கு முன்னால் அந்தக் குருத்துதான் விட்டுக்கொடுக்கிறது. மகனுக்குப் புண் நிலையிலேயே பிடித்துவிட்டோம். ஆறு வாரம் வீசவே கூடாது, பிறகு மெல்ல மெல்ல. மவுண்டில் ஏறுவது அடுத்த வசந்தத்தில்தான் என்று சொல்லி அனுப்பினார்.

மத்தியானம் மார்க்கெட் தெருப் பாலத்தில் சஸ்கெஹானா ஆற்றைக் கடந்து சவுத் வில்லியம்ஸ்போர்ட் போனோம். லமேட் ஸ்டேடியம் அங்கேதான். உள்ளே சீட் கிடைக்கவில்லை. அதனால் என்ன, அவுட்ஃபீல்டுக்குப் பின்னால் பெரிய புல்மேடு இருக்கிறது. ஆயிரக்கணக்கான பேர் பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கிறார்கள். பிள்ளைகள் அட்டைப்பெட்டியைப் பிரித்து, அதன்மேல் உட்கார்ந்து மேட்டிலிருந்து சறுக்குகிறார்கள். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்துப் போயிருந்தோம். பக்கத்துப் பாயில் ஜப்பானியக் குடும்பம் ஒன்று. வறுவலுக்குப் பதிலாக அவர்கள் கொடுத்த ஒரு பின் இன்னும் மகன் தொப்பியில் இருக்கிறது.

ஐந்தாவது இன்னிங்ஸ். மவுண்டில் ஒரு ஒல்லிப் பையன் பிரமாதமாகப் போட்டுக்கொண்டிருந்தான். திடீரென்று மேனேஜர் நடந்து வந்தார், பந்தை வாங்கிக்கொண்டார், பையன் இறங்கிப் போனான். மேடு முழுக்கக் கைதட்டல்.

"ஏம்ப்பா, நல்லாத்தானே போடுறான்? எதுக்கு இறக்குறாங்க?" என்றார் அப்பா.

பதில் சொன்னது பேரன். "தாத்தா, அவன் எய்ட்டி-ஃபைவ் பந்து போட்டுட்டான். அதுக்கு மேல ரூல் விடாது. இனிமே நாலு நாள் அவன் பிட்ச் பண்ண முடியாது."

"ஃபைனலா இருந்தாலுமா?"

"ஃபைனலா இருந்தாலும்."

2007-இல் லிட்டில் லீக் கொண்டுவந்த விதி இது. அதற்கு முன் எத்தனை இன்னிங்ஸ் என்றுதான் கணக்கு. ஒரு இன்னிங்ஸ் ஒன்பது பந்திலும் முடியும், நாற்பது பந்திலும் முடியும், கைக்குத் தெரிவது பந்துதான். இப்போது 7, 8 வயதுக்கு ஒரு நாளைக்கு 50 பந்து. 9, 10 வயதுக்கு 75. 11, 12 வயதுக்கு 85. ஓய்வுக்கும் அட்டவணை உண்டு. 14 வயது வரை, 20 பந்துக்குள் என்றால் ஓய்வு தேவையில்லை. 21 முதல் 35 வரை ஒரு நாள். 36 முதல் 50 வரை இரண்டு நாள். 51 முதல் 65 வரை மூன்று நாள். 66 அல்லது அதற்கு மேல் நான்கு நாள். 41 பந்தோ அதற்கு மேலோ போட்டவன் அன்றைக்குக் கேட்சராக உட்காரவும் கூடாது, ஏனென்றால் கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி வீசுகிறான்.

இந்த அட்டவணைப்படி, சனிக்கிழமை 62 போட்ட என் மகன் புதன்கிழமை வரை மவுண்டைத் தொட்டிருக்கக் கூடாது. மறுநாளே தொட்டான். ஒரு அணியின் கணக்கு அடுத்த அணிக்குத் தெரியாது. கைக்கு மட்டும் இரண்டும் தெரியும்.

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எங்க ஊர்ல ஏர் பூட்டுன மாட்டை உச்சிக்கு முன்னாடி அவுத்து விட்டுருவோம். இன்னும் ரெண்டு சால் ஓட்டலாமேன்னுதான் தோணும். ஓட்டினா மறுநாள் மாடு எந்திரிக்காது." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குத்தான் சொன்னார்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. அலபாமாவின் பர்மிங்ஹாமில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள், 2006-இல் வெளியிட்ட ஆய்வில், தோளிலோ முழங்கையிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்ட பதின்வயதுப் பிட்சர்களைக் காயப்படாதவர்களோடு ஒப்பிட்டார்கள். வருடத்தில் எட்டு மாதத்துக்கு மேல் போட்டியில் பிட்ச் பண்ணினவர்களுக்கு அந்த நிலைமை வரும் வாய்ப்பு சுமார் 5 மடங்கு. கை அசந்த பிறகும் வழக்கமாகப் பிட்ச் பண்ணினவர்களுக்கு 36 மடங்கு. அதே நிறுவனத்தின் 2011 ஆய்வு, 481 சிறுவர்களைப் பத்து வருடம் தொடர்ந்து கவனித்தது. ஒரு வருடத்தில் 100 இன்னிங்ஸுக்கு மேல் போட்டவர்களுக்குக் கடுமையான காயம் வருவது மூன்றரை மடங்கு.

"டாமி ஜான் சர்ஜரி பண்ணினா சரியாயிடும், வேகம்கூடக் கூடுமாமே" என்று எங்கள் டிராவல் டீம் அப்பா ஒருவர் ஒருமுறை சொன்னார். 1974-இல் டாட்ஜர்ஸ் பிட்சர் டாமி ஜானுக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலாகச் செய்தது அது. வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து இடது முழங்கையில் கோர்த்தார். டாமி ஜான் 1976-இல் திரும்பி வந்து 1989 வரை ஆடினார். மருத்துவத்தின் பெரிய சாதனைதான். ஆனால் அது கிழிந்ததைத் தைப்பது, நல்ல கைக்குச் சத்து ஏற்றுவதில்லை. மறுபடி முழு வேகத்தில் பிட்ச் பண்ண ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும்.

நம்ம வீடுகளில் ஓய்வு என்றாலே ஒரு உறுத்தல் வருகிறது. கணக்கு வகுப்பு, வயலின், பரதம், பேஸ்பால், எதையுமே ஒரு மாதம் விட்டால் பிள்ளை பின்தங்கிவிடும் என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான். மார்ச்சிலிருந்து ஊர் லீக், கோடையில் டிராவல், அப்புறம் ஃபால் பால், அப்புறம் குளிர்காலப் பாடம். எண்ணிப் பார்த்தால் பதினோரு மாதம். மேஜர் லீக் பேஸ்பாலும் யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டி, 9 முதல் 12 வயது வரை வருடத்தில் குறைந்தது நான்கு மாதம் பந்தே வீசாமல் இருக்கச் சொல்கிறது. அதில் இரண்டு மூன்று மாதம் விடாமல் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். அந்த நாளில் நீச்சலோ சாக்கரோ ஆடலாம். பன்னிரண்டு மாதத்தில் மொத்தம் 80 இன்னிங்ஸுக்கு மேல் வேண்டாம் என்றும் சொல்கிறது.

ஓய்வு என்றால் சோபாவில் படுத்திருப்பதும் இல்லை. பிசியோதெரபிஸ்ட் மகனுக்குக் கொடுத்த பயிற்சியில் முதல் மாதம் பந்தே கிடையாது. ஒற்றைக்காலில் நிற்பது, இடுப்பைப் பலப்படுத்துவது, ரப்பர் பேண்டை இழுத்துத் தோள்பட்டைத் தசைகளுக்கு வேலை கொடுப்பது. பந்தின் வேகம் காலிலும் இடுப்பிலும்தான் பிறக்கிறது, அவை சோர்ந்தால் அந்த வேலையையும் கையே சுமக்கிறது என்றார் அவர். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், முப்பது அடி தூரத்தில் மெதுவாக வீசுவது. வலி இல்லாமல் முடித்தால்தான் அடுத்த தூரம். வீசி உடம்பைச் சூடாக்காதே, உடம்பு சூடான பிறகு வீசு என்பது அவர் சொன்ன இன்னொன்று. அசதி வேறு, வலி வேறு என்றும் அவனுக்குக் கற்றுக்கொடுத்தார். தசை களைத்திருப்பது அசதி. மூட்டில் ஒரு இடத்தை விரல் வைத்துக் காட்ட முடிந்தால் அது வலி, அதை அன்றைக்கே சொல்ல வேண்டும்.

ஆட்டம் முடிந்து, மகன் மேட்டில் ஏழெட்டு முறை சறுக்கி, சட்டையெல்லாம் பச்சையாக்கிக்கொண்டு வந்தான். திரும்பும் வழியில் ஒரு ரெஸ்ட் ஏரியாவில் நிறுத்தினேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. "வாடா, தாத்தாவுக்கு ரெண்டு பந்து போடு" என்று அப்பா புல்தரையில் போய் நின்றார். கிளவ் அவருக்கு, வெறுங்கை இவனுக்கு. முதலில் கையைச் சுழற்றி, இரண்டு ரவுண்டு ஓடிவிட்டு வந்தான். அப்புறம் மெதுவாக வீசினான். அப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இன்னும் வேகமா போடுடா!" என்று கத்தினார்.

நான் காரில் சாய்ந்தபடி எண்ண ஆரம்பித்தேன். நடுவில் மனைவி காபி வேண்டுமா என்று கேட்டதில் கணக்கு தப்பிவிட்டது. இருபத்தி ஆறா, இருபத்தி எட்டா?

மகன் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் அப்பா.

"முப்பது ஆயிடுச்சு தாத்தா. இன்னிக்கு அவ்வளவுதான்."

"யாருடா எண்ணினது?"

"நான்தான்."