சார், இது நெஜமா?

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய ஒரு மேல்நிலைப் பள்ளியில் சட்ட விழிப்புணர்வு மன்றத்துக்கு நான் பொறுப்பாசிரியர். பிள்ளைகளுக்குக் குற்றவியல் சட்டம் சொல்லிக்கொடுத்துவிட்டு, அது தேவைப்பட்ட நாளில் ஒரு மாணவியைக் கைவிட்டேன்.

மன்றத்தை ஆசையோடுதான் நடத்தினேன். அமெரிக்காவில் சில பள்ளிகளில் பிள்ளைகள் குற்றவியல் நீதியைப் பாடமாகவே படித்து, அதைக் கல்லூரிப் படிப்பின் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். இங்கே சிபிஎஸ்இ-யில் சட்டம் ஒரு விருப்பப் பாடம். எங்கள் பள்ளியில் அதுவும் இல்லை. வாரம் ஒரு கடைசிப் பீரியட்தான். புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். கைது செய்தால் குறிப்பு எழுதிச் சாட்சியின் கையெழுத்து வாங்க வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும்: இது டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னது. அரசியலமைப்பின் 22ஆவது பிரிவுப்படி, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதவைத்தேன்.

ஒருநாள் காலை, பிரேயருக்கு முன்பே அந்தப் பெண் வந்து நின்றாள். ப்ளஸ் ஒன் மாணவி. அப்பாவும் அம்மாவும் உப்பு வாருகிறவர்கள். அளத்தில் டீசல் மோட்டார் ஒன்று காணாமல் போயிருந்தது. போலீஸின் சந்தேகம் அவள் அப்பா மேல்.

"அப்பாவ முந்தாநாள் சாயந்தரம் கூட்டிட்டுப் போனாங்க சார். இன்னும் விடல." நோட்டை விரித்துக் காட்டினாள். 24 மணி நேரம் என்ற இடத்தில் சிவப்பு மையில் இரண்டு கோடு. "சார், இது நெஜமா?"

"எழுதுனது நெஜந்தாம்மா. ஆனா நடைமுறை வேற. ஊர்ப் பெரியவங்க யாரையாவது கூட்டிட்டுப் போய்ப் பேசிப் பாருங்க" என்றேன்.

காவலில் இருப்பவர் யாரானாலும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. அது எனக்குத் தெரியும். அந்தச் சட்ட உதவிக்கான 15100 என்ற இலவச எண்ணும் தெரியும்; முந்தைய வாரம் கரும்பலகையில் எழுதியதே நான்தான். திண்டிவனம் நீதிமன்றம் பஸ்ஸில் போய்வரும் தூரம். அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நானே போயிருக்கலாம். பயந்தேன். வாத்தியாருக்கு எதற்கு ஸ்டேஷன் விவகாரம் என்று கேட்பார்கள், டிரான்ஸ்ஃபர் வரும், கடைசி மகள் படிப்பு கெடும் என்று அடுக்கடுக்காகக் காரணம் கிடைத்தது. அவளுக்கு அந்த எண்ணைக்கூடச் சொல்லவில்லை. அதற்கு எந்தக் காரணமும் கிடையாது.

அப்பா மறுநாள் காலை வீடு திரும்பினார். வழக்கு எதுவும் பதிவாகவில்லை. உப்பு வெடிப்போடு இருந்த கால்கள் வீங்கியிருந்ததாகப் பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். அவள் வகுப்புக்கு வந்தாள், மன்றத்துக்கு வரவில்லை. ஆண்டு முடிவில் 'சிறப்பாகப் பங்கேற்றார்' என்ற சான்றிதழில் அவள் பெயருக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது மன்றத்தின் முதல் நாளிலேயே 15100-ஐயும் என் செல் நம்பரையும் எழுதிப்போடுகிறேன். ராத்திரியானாலும் கூப்பிடுங்கள், கூட வருகிறேன் என்று சொல்கிறேன். அவள் அப்பாவைக் கடைத்தெருவில் பார்ப்பதுண்டு. "வணக்கம் சார்" என்பார். அன்று வழி தெரிந்தும் நான் சும்மா இருந்தேன் என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.