கண்ணாடிக்கு நடுவுல பனி

நவம்பர் பொறந்தாச்சு மக்களே. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளி வச்சதுலேர்ந்து லண்டன்ல நாலரைக்கெல்லாம் இருட்டு. காலையில எங்க தெருவுல நடந்தா, அஞ்சு வீட்டுக்கு மூணு வீடு ஜன்னல் வெள்ளையாப் பூத்துக் கெடக்கு. வருசா வருசம் இந்தச் சமயத்துல நம்ம ஆளுங்க யாராவது போன் பண்ணி, "ஜன்னலெல்லாம் தண்ணியா வடியுதுங்க, மொத்தமா மாத்தணும்கிறாங்க, மாத்தலாமா?"ன்னு கேக்குறது வழக்கம். பேங்க்குல வேலை பாக்குறவன்கிட்ட எதுக்கு ஜன்னலைப் பத்திக் கேக்கணும்? மாத்துறதுக்குக் கடன் வாங்கணுமே, அதுக்குத்தான் :-) ஆனா பேசி முடிச்சாப் பாதிப் பேருக்குக் கடனே தேவைப்படுறதில்ல. அதான் இந்தப் பதிவு.

டிஸ்கி: நான் படிச்சது பி.காம், சித்தூர் அரசுக் கல்லூரியில. ஜன்னல் நம்ம தொழில் கிடையாது. ரெண்டு வீடு, 14 ஜன்னல், 15 குளிர்காலம். அனுபவம் அவ்வளவுதான்.

ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இங்க ஜன்னல்ல ஒரு கண்ணாடி இல்ல, ரெண்டு. ரெண்டுக்கும் நடுவுல 16 மில்லிமீட்டரோ 20 மில்லிமீட்டரோ இடைவெளி. சுத்திலும் ஒரு மெல்லிசான பட்டை இருக்கும், ஸ்பேசர் பார்னு பேரு. புது மாத்திரை டப்பாவுல ஈரம் உறிஞ்ச ஒரு சின்னப் பொட்டலம் போட்டிருப்பாங்களே, அதே மாதிரி உறிஞ்சு மணிகளை இந்தப் பட்டைக்குள்ள நிரப்பியிருப்பாங்க. ஓரமெல்லாம் ரப்பர் மாதிரி ரெண்டு அடுக்கு பசை. உள்ள காத்து, இல்லேன்னா ஆர்கான் வாயு. இந்த மொத்த செட்டுக்கு சீல்டு யூனிட்னு பேரு. ஒத்தைக் கண்ணாடி வழியா போற சூட்டோட ஒப்பிட்டா, பழைய ரெட்டைக் கண்ணாடியில பாதிதான் போகும். இப்ப வர்ற லோ-ஈ பூச்சும் ஆர்கானும் உள்ள கண்ணாடியில அஞ்சுல ஒரு பங்குதான்.

சரி, விசயத்துக்கு வருவோம். ஜன்னல்ல ஈரம்னா முதல் வேலை, விரலால தொடச்சுப் பாக்குறது. வெளிப்பக்கம் ஈரமா? கவலையே வேண்டாம். கண்ணாடி நல்லா வேலை செய்யுது, வீட்டுச் சூடு வெளிய போகாததால வெளிக்கண்ணாடி குளுந்து கெடக்குது, அவ்வளவுதான். பத்து மணிக்கு வெயில் வந்தாத் தானாப் போயிடும். ரூம் பக்கம் ஈரமா? அது பெரும்பாலும் ஜன்னல் கோளாறு இல்ல, நம்ம கோளாறு. தொடச்சும் போகலையா? ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல இருக்கு. சீல் போச்சு.

ரூம் பக்கத்து ஈரத்தைப் பத்திக் கொஞ்சம் விவரமாச் சொல்லணும். நம்ம வீட்டுல காலையில இட்லி வேகுது, குக்கர் நாலு விசில் அடிக்குது, வெந்நீர்க் குளியல், ரேடியேட்டர் மேல ஈரத்துணி. அந்தத் தண்ணியெல்லாம் எங்க போகும்? வீட்டுலயே குளுந்த எடம் எதுவோ அங்கதான் போய் ஒக்காரும். அது கண்ணாடி, அடுத்தது அலமாரிக்குப் பின்னாடி இருக்குற வெளிச்சுவரு. ரெண்டு வாரம் விட்டா ரப்பர் ஓரத்துல கறுப்பாப் புள்ளி வரும். பூஞ்சணம். குளிருதேன்னு ஜன்னல் மேல இருக்குற காத்துத் துவாரத்தை டேப் போட்டு அடைக்கிற பழக்கம் நம்ம ஆளுங்க கிட்ட நெறைய. தயவுசெஞ்சு செய்யாதீங்க.

இதை நான் வெளையாட்டாச் சொல்லல. எங்க சின்னவனுக்கு மூச்சிரைப்பு உண்டு. டாக்டர் மருந்து எழுதுறதுக்கு முன்னாடி கேட்ட முதல் கேள்வி, "படுக்கையறையில பூஞ்சணம் இருக்கா?". 2020 டிசம்பர்ல மான்செஸ்டர் பக்கம் ராச்டேல்ல அவாப் இஷாக்னு ரெண்டு வயசுப் பையன், பூஞ்சணம் பிடிச்ச வீட்டுல இருந்ததாலேயே மூச்சுக் கோளாறு வந்து எறந்து போனான். 2022 நவம்பர்ல மரண விசாரணையில அப்படித்தான் முடிவு சொன்னாங்க. அவன் பேருல ஒரு சட்டமே வந்து, 2025 அக்டோபர் 27லேர்ந்து இங்கிலாந்துல அமலுக்கு வந்திருக்கு. சமூக வாடகை வீட்டுக்காரங்க ஆபத்தான ஈரம், பூஞ்சணம்னு புகார் வந்தா 10 வேலை நாளுக்குள்ள வந்து பாக்கணும், அவசரம்னா 24 மணி நேரம். கவுன்சில் வீட்டுல இருக்குற நம்ம ஆளுங்க இதைத் தெரிஞ்சு வச்சுக்கங்க. "நீங்க சமைக்கிறதுதான் காரணம்"னு சொல்லி அனுப்பி வச்ச காலமெல்லாம் மலையேறிடுச்சு.

இப்ப சீல் போன கதை. பகல்ல வெயில் பட்டா உள்ள இருக்குற காத்து விரியும், ராத்திரி சுருங்கும். வருசக்கணக்கா இப்படி மூச்சு விட்டு மூச்சு விட்டு ஓரத்துப் பசை விட்டுப் போகும். ஈரம் உள்ள நுழையும், அந்த உறிஞ்சு மணிகள் குடிக்கிற வரைக்கும் குடிக்கும், அப்புறம் நிரம்பிடும். அன்னைக்குத்தான் நமக்குப் பனி தெரியும். தெற்குப் பாத்த ஜன்னல் முதல்ல போறது இதனாலதான். இன்னொரு காரணம், சட்டத்துக்கு அடியில தண்ணி வடியுற சின்னத் துவாரம் அடைச்சுக்கிட்டு, யூனிட்டோட கால் தண்ணியிலயே ஊறுறது. ஒரு டம்ளர் தண்ணியை ஜன்னலைத் தொறந்து அடிச்சட்டத்துல ஊத்துங்க. வெளிய வடிஞ்சா சரி. நின்னா, காது குடையுற பஞ்சுக் குச்சியும் பழைய சிரிஞ்சும் போதும். அஞ்சு நிமிச வேலைதான், ஆனா நான் பாத்த வரைக்கும் யாரும் செய்யறதில்ல.

எங்க வீட்டுல ரெண்டு ஜன்னல் பனி பிடிச்சுது, மூணாவது ஒண்ணு இடுக்குல காத்து வந்துச்சு. ஒரு கம்பெனிக்காரர் வந்தார். ரெண்டு மணி நேரம் சோபாவுல ஒக்காந்தார், தங்கமணி போட்ட காப்பியை ரெண்டு தடவை குடிச்சார். எட்டு ஜன்னலும் மாத்த 9,600 பவுண்டுன்னார். இன்னைக்கே கையெழுத்துப் போட்டா 5,800. கையில காசில்லாட்டியும் பரவால்ல, 12.9 சதம் வட்டியில பத்து வருசம் கட்டலாமாம். நமக்கு இது தெனமும் பொழப்பாச்சே! மாசம் 84 பவுண்டு வருது. 120 மாசத்துக்குப் பெருக்குங்க. 10,080. தள்ளுபடி இல்லாத வெலையை விட 480 கூட! அளவெடுத்துச் செய்யுற பொருளுக்கு, வீட்டு வாசல் வியாபாரத்துக்கு இருக்குற 14 நாள் ரத்து உரிமை பொருந்தாமப் போகலாம்கிறதையும் அவர் சொல்லல. அவரைக் கும்பிட்டு அனுப்பிட்டேன்.

நெசமாத் தேவைப்பட்டது ரெண்டு கண்ணாடி யூனிட், ஒரு ஜோடிக் கீல், கொஞ்சம் ரப்பர். மொத்தம் 230 பவுண்டு.

சட்டம் நல்லா இருந்தா கண்ணாடி யூனிட்டை மட்டும் மாத்தலாம். யூபிவிசி ஜன்னல்ல கண்ணாடியைப் பிடிச்சிருக்கிறது நாலு பீடிங். மழுங்கின பட்டி வைக்கிற கத்தியை நுழைச்சு, நீளமான பக்கத்தோட நடுவுலேர்ந்து மெதுவா நெம்பினா 'டப்'னு கழண்டு வரும். நாலையும் எடுத்த எடத்துலேயே திருப்பி வைக்கணும், அதனால பின்னாடி பென்சில்ல குறி போட்டுக்கங்க. பழைய யூனிட்டோட அகலம், உயரம், மொத்தத் தடிமன் மூணையும் அளந்து கடையில சொன்னா ஒரு வாரத்துல செஞ்சு தருவாங்க. தடிமன்ல ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் பீடிங் ஏறாது. பழசு லோ-ஈ பூச்சு உள்ளதான்னு தெரியணுமா? ராத்திரி ஒரு லைட்டரைப் பத்த வச்சுக் கண்ணாடி முன்னாடி காட்டுங்க. நாலு தீபம் தெரியும். அதுல ஒண்ணு மட்டும் வேற நெறமா இருந்தா பூச்சு இருக்கு. தரையிலேர்ந்து 800 மில்லிமீட்டருக்குள்ள வர்ற கண்ணாடியும் கதவுப் பக்கத்துக் கண்ணாடியும் டஃபன்டா இருக்கணும். இதுல சிக்கனம் பாக்காதீங்க.

முக்கியமா, யூனிட்டை வெறும் சட்டத்து மேல நிக்க வைக்கக் கூடாது. அடியில பேக்கர்ங்கிற பிளாஸ்டிக் துண்டு வச்சுத்தான் நிக்க வைக்கணும், அப்பத்தான் தண்ணி அடியில ஓடும். தொறக்கிற ஜன்னலா இருந்தா கீல் பக்கம் அடியிலயும், அதுக்குக் குறுக்கு மூலையில மேலயும் இறுக்கமா வைக்கணும். கட்டிலுக்குக் குறுக்குச் சட்டம் அடிக்கிற மாதிரின்னு வச்சுக்கங்க. இதை விட்டா ஆறு மாசத்துல கதவு தொங்கிடும். மாடி ஜன்னலா இருந்து பீடிங் வெளிப்பக்கம் இருந்தா ஆளைக் கூப்பிடுங்க, ஏணி மேல நின்னு 20 கிலோ கண்ணாடியைத் தூக்குற வீரமெல்லாம் வேண்டாம். கண்ணாடியில ஓட்டை போட்டு, உள்ள கழுவிக் காய வச்சுத் தர்றோம்னும் சிலர் வருவாங்க. பனி போகும். சீல் போனது போனதுதான், ஆர்கானும் திரும்பி வராது.

கீல், ரப்பர் எல்லாம் சுளுவு. ஒரு காகிதத் துண்டை வச்சு ஜன்னலைச் சாத்தி இழுத்துப் பாருங்க. சுலபமா உருவிக்கிட்டு வந்தா அந்த எடத்துல காத்து வரும். புது ரப்பரை இழுத்து மாட்டாதீங்க, குளுருக்குச் சுருங்கி மூலையில இடைவெளி விட்டுடும்.

இனி கொஞ்சம் கொசுவத்தி. எங்களுக்கு ஊரு ரெண்டு. அப்பா வழி கொழிஞ்சாம்பாறை, அம்மா வழி மூணாறு. ரெண்டும் கேரளம்தான், ஆனா ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குப் போக நாங்க பொள்ளாச்சி, உடுமலை வந்து, சின்னாறு செக்போஸ்ட் தாண்டி, மறையூர் வழியாத்தான் ஏறுவோம். கொழிஞ்சாம்பாறையில மார்கழி தையில கணவாய்க் காத்து அடிச்சா ராத்திரி பூரா ஜன்னல் கதவு தடதடங்கும், அப்பா தீப்பெட்டி அட்டையை மடிச்சுச் சொருகி வைப்பார். மூணாறுல மாமா வீட்டு லயத்துல ஜன்னலே கையகலம். ஜனவரியில சில நாள் புல்லு மேல உறைபனி விழும். துணி காயறது அடுப்புக்கு மேல கட்டின கொடியில.

அப்பா போன பிறகு அம்மா, அண்ணனோட மூணாறுல இருக்காங்க. 74 வயசு. முழங்கால் வலி, குளுரு வந்தா இழுப்பு. அவங்களுக்குன்னு ஒரு ரூம் கட்டுறப்ப, கோயமுத்தூர் பார்ட்டி ஒருத்தர் ரெட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டா குளுரே தெரியாதுன்னு சொல்லியிருக்கார். "டேய், அங்க நீ இருக்குற வீட்டுல அதானே? அம்மாவுக்கும் போட்டுடலாம், காசு அனுப்பு"ன்னார் அண்ணன். அனுப்ப மனசில்லாம இல்ல. ஆனா ரெண்டு விசயம் ஒதைச்சுது.

ஒண்ணு, ஒயரம். கோயமுத்தூர் கடல் மட்டத்துலேர்ந்து ஏறக்குறைய 400 மீட்டர், மூணாறு 1,500 மீட்டர். கீழ சீல் வச்ச காத்தோட மலையேறினா, வெளிக்காத்தோட அழுத்தம் 12 சதம் போலக் குறைஞ்சிருக்கும். சிப்ஸ் பாக்கெட் மறையூர் தாண்டினதும் உப்பி நிக்குமே, அதேதான் கண்ணாடிக்கும். தெனமும் ஓரத்துப் பசையை உள்ளேர்ந்து தள்ளிக்கிட்டே இருக்கும். அமெரிக்காவுல கொலராடோ மாதிரி மலைப்பக்கத்துக்கு அனுப்புற யூனிட்ல இதுக்குன்னே தலைமுடி மாதிரி ஒரு குழாய் வைப்பாங்க, அழுத்தம் சமமாகட்டும்னு. அதை வச்சா ஆர்கான் நிக்காது. கோயமுத்தூர்க்காரர்கிட்ட கேட்டா, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க"ன்னார். மூணாறு மழையில நாலே வருசத்துல பனி பிடிச்சா அளவெடுக்க யார் மலையேறி வருவாங்க?

ரெண்டாவது, அந்த ரூம்ல ஹீட்டர் கெடையாது. மேல தகரக் கூரை. உள்ள சூடு இருந்தாத்தானே ஜன்னல் அதைப் பிடிச்சு வைக்கும்? இருக்குற கொஞ்சச் சூடும் கூரை வழியாப் போகுது, அடுப்புப் புகை வேற பக்கத்து அறையிலேர்ந்து வந்து இழுப்பைக் கௌப்புது. அண்ணனுக்குக் கோவம்தான். "பெத்தவளுக்குச் செய்யறதுல கணக்குப் பாக்குறியா?"ன்னு கேட்டுட்டார். ரெண்டு நாள் பேசிக்கல. அப்புறம் அண்ணிதான் அம்மாகிட்டயே கேட்டிருக்காங்க. 2018ல மூணு மாசம் அம்மா எங்களோட இங்க இருந்தாங்க. "வேண்டாங்கண்ணு, அங்க மழை பேஞ்சாக்கூட எட்டிப் பாத்தாத்தான் தெரியும். யார் போறா வர்றான்னு ஒரு சத்தம் கேக்காது"ன்னாங்களாம்.

அந்தக் காசுல தகரத்துக்கு அடியில பலகை சீலிங் அடிச்சு, நடுவுல தெர்மோகோல் வச்சாச்சு. அடுப்புக்குப் புகைக்கூண்டு. ஜன்னலுக்கு ஒத்தைக் கண்ணாடிதான், சுத்தி நல்ல ரப்பர், உள்பக்கம் பலாமரத்துல ரெண்டு கதவு. ராத்திரி அதைச் சாத்திக் கொக்கி போட்டா காத்து வரல. ராத்திரி எந்திரிச்சு ஒக்கார்றது இந்த வருசம் கொறைஞ்சிருக்குன்னு அண்ணி சொன்னாங்க. ஆனா ஏழு மணிக்கெல்லாம் அம்மா ரெண்டு கதவையும் தொறந்து விட்டுட்டு, கொழுந்து எடுக்கப் போறவங்ககிட்ட பேச ஆரம்பிச்சுடறாங்களாம். அண்ணன் இப்ப அதுக்குப் பூச்சி வலை அடிக்கணும்கிறார். அளவை அனுப்பச் சொல்லியிருக்கேன்.