அக்கா தங்கச்சி

இலங்கை போகிறோம் என்றதும் துடியலூரில் எங்கள் வீட்டுக்கார அம்மா கவலைப்பட்டார். "ஏனுங் கண்ணு, ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க தனியாவா?" பிறகு அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். "அக்கா தங்கச்சிதானே, ஒருத்திக்கு ஒருத்தி தொணை."

ஏழு வருடமாக அவளும் நானும் அவருக்கு அக்கா தங்கச்சி. நாங்களாகச் சொன்னதில்லை, மறுத்ததும் இல்லை. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் எங்களைப் போன்றவர்கள் குற்றவாளிகள் அல்ல என்றபோதுகூட, கதவைச் சாத்திக்கொண்டுதான் அல்வா தின்றோம்.

2024 ஜூலையில் நிலாவெளிக்குப் போனோம். கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருக்கும் மாதம். தமிழிலேயே பேசிக்கொள்ளலாம் என்று அவள்தான் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தாள்.

போவதற்கு முன் சட்டத்தைத் தேடிப் படித்தேன். இலங்கைத் தண்டனைச் சட்டத்தின் 365அ பிரிவு, தன்பால் உறவுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. ஆங்கிலேயர் விட்டுப்போன அந்தப் பிரிவில் 'ஆண்' என்றுதான் இருந்தது. 1995இல் அதை 'நபர்' என்று மாற்றினார்கள். பாலியல் வன்முறைச் சட்டங்களைக் கடுமையாக்கிய அதே திருத்தத்தில்தான் பெண்களும் குற்றவாளிகள் ஆனார்கள். சமத்துவம் இப்படியும் வந்து சேரும் போல. இதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் நாங்கள் போனபோதும் மசோதா நிறைவேறியிருக்கவில்லை.

விடுதிக்கார அம்மா சாவியைக் கொடுத்தபடி, "அக்காவும் தங்கச்சியுமோ?" என்றார். "ஆமாங்க" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பக்கத்து அறையில் இரண்டு ஐரோப்பிய ஆண்கள். கைகோத்தபடி கடற்கரைக்குப் போனார்கள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே அவர்களுக்குத் தேநீர் கொடுத்தார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "அவையள் வெள்ளைக்காரர். நாலு நாள் இருந்திட்டுப் போயிடுவினம். எங்களுக்கென்ன?" என்றார். கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "எங்கட பிள்ளையள் இப்பிடிச் செய்தா விடுவமே?" என்றும் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை. அடுக்களையில் வேலை செய்யும் பெண் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். "அக்கா, நீங்கள் ரெண்டு பேரும் ஊரிலயும் ஒண்டாத்தான் இருக்கிறியளோ?" என்று கேட்டாள்.

"ஆமா."

"கலியாணம் கட்டச் சொல்லி ஒருத்தரும் கரைச்சல் குடுக்கேல்லையோ?"

"நாங்க அக்கா தங்கச்சி" என்றேன்.

அவள் துருவுவதை நிறுத்தவில்லை. "ஓம், அன்ரி சொன்னவ" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அன்றிரவு அவள் என்னிடம், "அந்தப் புள்ள என்ன கேட்டான்னு உனக்குப் புரியலையா?" என்றாள். புரிந்தது. அதனால்தான் அப்படிச் சொன்னேன். சட்டத்தைக் காரணம் காட்டினேன். "நம்மகிட்ட திரும்பிப் போற டிக்கெட் இருக்கு. அவகிட்ட என்ன இருக்கு?" என்றாள் அவள். என்னிடம் பதில் இல்லை. வெள்ளைக்கார ஆண்களுக்குக் காசும் தோலும் கொடுத்த பாதுகாப்பை, எனக்கு ஒரு பொய் கொடுத்திருந்தது. அந்தப் பெண்ணுக்கு இரண்டுமே இல்லை. 'உன்னைப் போல நாங்களும் இருக்கிறோம்' என்ற ஒரு சொல் மட்டும் கிடைத்திருக்கலாம். அதைத்தான் நான் கொடுக்காமல் வந்தேன்.

ஊர் திரும்பியதும் வீட்டுக்கார அம்மா, "வெயில்ல உன்ற அக்கா கறுத்துப் போயிட்டாளே" என்றார்.

"அக்கா இல்லீங்கம்மா."

"அப்புறம்? சிநேகிதியா?"

"நாங்க சேர்ந்து வாழறோமுங்க."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "மோட்டார் போட்டிருக்கறேன், தண்ணி புடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த மாத வாடகையை வழக்கம்போல வாங்கிக்கொண்டார். உன்ற அக்கா என்று மட்டும் சொல்வதில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்வாரோ என்ற பயம் இன்னும் போகவில்லை. ஆனால் குடத்தைத் தூக்கும்போதெல்லாம் நினைவுக்கு வருவது அந்த அடுக்களைதான். இதை முதலில் சொல்லியிருக்க வேண்டியது அவளிடம்.