கம்ப்ரசர் இல்லாத பெட்டி

மே 4, ஞாயிறு

ஏலகிரியில் நேற்று ராத்திரி வேனில் இருந்த ஃபிரிட்ஜ் குளிரவில்லை. அம்மாவின் இன்சுலின் அதில்தான் இருந்தது. காலையில் ஊசி போடக் கதவைத் திறந்தால் உள்ளே கிடந்த தெர்மாமீட்டர் 19 டிகிரி காட்டுகிறது. விளக்கு எரிகிறது, பின்பக்கம் கை வைத்தால் சுடுகிறது. ஆகக் கரண்ட் வருகிறது, குளிர்தான் வரவில்லை.

வேன் மச்சானுடையது. பழைய டெம்போ டிராவலர். சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு கட்டில், சின்ன மேடை, தண்ணீர்த் தொட்டி, கூரையில் சோலார் பலகை என்று பொறுமையாக வீடாக்கியிருக்கிறான். அம்மாவுக்குப் பஸ்ஸில் காலை மடக்கி உட்கார முடியாது. இந்த வேன் வந்த பிறகுதான் மேல்மலையனூரை மறுபடி பார்த்தாள். அதனால் இதில் எது கெட்டாலும் எனக்கு மனசு ஆறாது. ஃபிரிட்ஜ், பெங்களூரில் ஏதோ ஹோட்டல் அறையில் இருந்து கழித்த மினிபார் பெட்டி, 40 லிட்டர். ஓடுகிற சத்தமே இருக்காது. ராத்திரி அம்மா தூங்க அதுதான் வசதி என்று மச்சான் வாங்கி வந்தான்.

ஒரு ராத்திரி 19 டிகிரியில் இருந்ததால் இன்சுலின் கெட்டுவிடாது. திறந்து பயன்படுத்துகிற குப்பி, மிதமான அறைச் சூட்டில் சுமார் நாலு வாரம் தாங்கும். திறக்காத குப்பிதான் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஏலகிரிக் குளிர்ச்சியில் தப்பித்தோம். இதே ராத்திரி எங்கள் ஆம்பூரில் என்றால்?

ஒன்று எழுதி வைக்கிறேன். ராத்திரி முழுக்கத் தலையணை கால் பக்கமே சரிந்துகொண்டு போனது என்றாள் அம்மா. வேன் நின்ற இடம் நல்ல சரிவு.

மே 6, செவ்வாய்

பைபாஸ் பக்கம் ஒரு கடைக்குப் பெட்டியைக் கொண்டுபோனோம். பையன் பின்பக்கம் திருப்பிப் பார்த்துத் திகைத்துப் போனான். "கம்ப்ரசரே இல்லியே சார், இன்னா பெட்டி இது?" பெரியவர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "கேஸ் போயிடுச்சு. அடைச்சுத் தரேன், ரெண்டு நாள் ஆவும்" என்றார். வேண்டாம் பாய் என்று சொல்லித் தூக்கி வந்துவிட்டோம்.

குளிராத ஃபிரிட்ஜ் எதைப் பார்த்தாலும் நம் ஊரில் முதலில் வரும் வார்த்தை "கேஸ் போயிடுச்சு". கம்ப்ரசர் பெட்டிக்கு அது பல சமயம் சரியாகவும் இருக்கும். இந்தப் பெட்டிக்குக் கேஸ் அடைக்க வாயே கிடையாது. தொழிற்சாலையில் அமோனியாவும் தண்ணீரும் ஹைட்ரஜனும் சேர்த்து அடைத்து வெல்டிங் வைத்துவிடுகிறார்கள். உள்ளே அழுத்தம் சாதாரணக் காற்றைப் போல 20 மடங்குக்கு மேல். அதை ஓட்டை போட்டுத் திறப்பது உயிரோடு விளையாடுகிற வேலை.

வேலை செய்யும் விதத்தை மச்சானுக்கு இப்படிச் சொன்னேன். அடியில் ஒரு ஹீட்டர், அமோனியா கரைந்த தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது. அமோனியா ஆவியாகி மேலே ஏறி, பின்பக்கக் காயிலில் சூட்டைக் காற்றுக்கு விட்டுத் திரவமாகிறது. அந்தத் திரவம் வழிந்து ஹைட்ரஜன் நிரம்பிய குழாய்க்குள் வருகிறது. அங்கே அமோனியாவின் பகுதி அழுத்தம் சட்டென்று குறைவதால் மறுபடி ஆவியாகிறது. ஆவியாக வேண்டிய சூட்டைப் பெட்டிக்குள்ளிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு அந்த ஆவியைத் தண்ணீர் பிடித்துக்கொண்டு கீழே இறங்க, மறுபடி கொதி. சுழல்கிற பாகம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் சூட்டாலும் இறங்குவது இறங்கும், ஏறுவது ஏறும் என்பதாலுமே நடக்கிறது. "அப்போ சரிவுல நின்னா?" என்றான் மச்சான். அதுதான் விஷயம் என்றேன். வழிந்தோட வேண்டியது குழாயில் தேங்கிவிடும்.

1922இல் ஸ்டாக்ஹோமில் ராயல் இன்ஸ்டிடியூட்டில் படித்துக்கொண்டிருந்த பால்ட்ஸார் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்தது இது. எலக்ட்ரோலக்ஸ் 1925 முதல் இதை விற்றது. மண்ணெண்ணெய்ச் சுடரிலும் ஓடும் என்பதால், மின்சாரம் எட்டாத ஊர்களில் ரொம்ப காலம் தடுப்பூசி மருந்து வைத்தது இப்படிப்பட்ட பெட்டிகளில்தான். உலகெங்கும் பலர் வண்டி வீட்டில் வைத்துக்கொள்வதும் இந்த வகைதான், கேஸ் சிலிண்டரிலும் ஓடும் என்பதால்.

மே 7, புதன்

பின்பக்கத் தகட்டைக் கழற்றி மூக்கை வைத்துப் பார்த்தேன். அமோனியா கசிந்திருந்தால் முதலில் சொல்வது மூக்குதான். ஆனால் ஆம்பூரில் மூக்கை நம்புவது கஷ்டம். டேனரி மெயின்டனன்ஸில் நான் இத்தனை வருஷம் இருந்தவன், அந்த நெடி எனக்கு வீட்டு நெடி. சுண்ணாம்பில் ஊறிய தோலில் இருந்து சுண்ணாம்பை எடுக்க அமோனியம் சல்பேட் போட்டு டிரம்மைச் சுற்றினால் மூக்கைத் துளைக்கிற அமோனியாதான் கிளம்பும். துத்திப்பட்டு டேனரிப் பக்கமிருந்து காற்று அடிக்கிற நாளில் பெட்டியிலிருந்து வருகிறதா, டிரம்மிலிருந்து வருகிறதா என்று யார் பிரிப்பது? அறையைச் சாத்தி, அரை மணி நேரம் காத்திருந்து, பிறகு போய்ப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

மூக்கை விட நிச்சயமான அடையாளம் ஒன்று உண்டு. அமோனியாத் தண்ணீர் இரும்புக் குழாயை அரிக்காமல் இருக்க, உள்ளே சோடியம் குரோமேட் கலந்திருப்பார்கள். எங்கேயாவது ஊசி முனையளவு ஓட்டை விழுந்தால் தண்ணீர் காய்ந்துபோய், குழாய்மேல் பளிச்சென்று மஞ்சள் பொடி படியும். அதைப் பார்த்துவிட்டால் பெட்டியின் கதை முடிந்தது.

அந்த மஞ்சளைத் தொட்டுப் பார்க்கிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். குரோமியம் நமக்குப் பழகிப்போன பெயர். தோல் பதனிட டிரம்மில் போடுகிற குரோம், மூன்றாம் இணைதிறன் வகை. வெட் புளூ தோலுக்கு அந்த நீலம் அதிலிருந்து வருகிறது. குரோமேட்டும் பைகுரோமேட்டும் ஆறாம் இணைதிறன் வகை, புற்றுநோய் தரக்கூடிய நஞ்சு. ராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு மலை 1.5 லட்சம் டன்னுக்கு மேல். மழை பெய்தால் அங்கே மஞ்சள் தண்ணீர் ஓடியதை அந்த வழியாகப் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள். இந்தப் பெட்டிக்குள் இருப்பது அதில் இம்மியளவுகூட இல்லை, உண்மைதான். ஆனாலும் வெறும் விரலால் துடைத்து வேட்டியில் தேய்க்கிற பொருள் அல்ல அது. கையுறை போட்டு, ஈரத்துணியால் எடுத்து, பெட்டியைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, இன்னது இருக்கிறது என்று வாயால் சொல்லித்தான் பழைய இரும்புக் கடையில் கொடுக்க வேண்டும். வெட்டிப் பிரிக்கிற பையனுக்கு அது தெரியாமல் போகக்கூடாது.

டார்ச் அடித்துக் காயிலின் ஒவ்வொரு வளைவையும் பார்த்தேன். வெல்டிங் இடங்கள், கொதிகலனைச் சுற்றியுள்ள பஞ்சின் ஓரம் எல்லாமே சாம்பல் நிறம். மஞ்சள் எங்குமில்லை. சின்னக் குளவிக் கூடு ஒன்று மட்டும் காயிலின் இடுக்கில் இருந்தது, எடுத்துப் போட்டேன்.

மே 9, வெள்ளி

இன்று மீட்டர் வேலை. தகட்டில் 70 வாட் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் ஹீட்டரில் சுமார் 755 ஓம் காட்ட வேண்டும். 748 காட்டியது. ஹீட்டர் நலம்.

அடுத்தது வோல்ட். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கம்ப்ரசர் பெட்டி வோல்ட் குறைந்தால் உறுமும், டப்பென்று நிற்கும், நமக்குத் தெரியும். இது வாயைத் திறக்காது. சாயந்தரம் எங்கள் தெருவில் 190 வோல்ட் வந்தால் 70 வாட் ஹீட்டர் 48 வாட்டுக்கு இறங்கிவிடும், வோல்ட்டின் வர்க்கத்தில் குறைகிறது சூடு. தொட்டால் சுடத்தான் செய்யும். ஆனால் ஆவியை மேலே தள்ளுகிற அளவுக்குக் கொதிக்காது. வேனில் இன்னும் மோசம். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்கு மச்சான் இழுத்திருந்த வயர் மெல்லிசு, நீளமும் ஜாஸ்தி. ஃபிரிட்ஜ் ஓடும்போது இன்வெர்ட்டர் முனையில் 10.6 வோல்ட், வெளியே வருவது 195. போதாததற்கு இந்தப் பெட்டி 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஆறேழு ஆம்ப்பியர் விடாமல் உறிஞ்சும். சோலார் இல்லாத ராத்திரியில் 100 ஆம்ப்பியர்-மணி பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் ஓட்டினால் எட்டு மணி நேரம் வந்தால் பெரிது.

தடித்த வயர் வாங்கி, பேட்டரிக்குப் பக்கத்திலேயே இன்வெர்ட்டரை மாற்றச் சொல்லிவிட்டேன். மச்சான் முகம் சுண்டிப்போனது. அந்த வயரைப் பலகைக்குள் மறைக்க அவன் எவ்வளவு பாடுபட்டான் என்று எனக்குத் தெரியும்.

மே 11, ஞாயிறு

நேற்று சாயந்தரம் வீட்டுத் தரையில் பெட்டியை வைத்து, உள் தட்டின்மேல் ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பார்த்து, அட்டைத் துண்டு சொருகிக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தேன். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி. ஸ்டெபிலைசர் வழியாகக் கரண்ட். உள்ளே ஒரு பாட்டில் தண்ணீர் மட்டும். பெட்டியைத் தூக்கி வந்த உடனே போடாமல் சில மணி நேரம் நிமிர்ந்து நிற்க விட்டேன், உள்ளே கலங்கிய திரவம் அதனதன் இடத்துக்கு இறங்க வேண்டும்.

இரண்டு மணி நேரம் ஒன்றுமே தெரியவில்லை. அம்மா வந்து கதவைத் திறந்து கை வைத்துப் பார்த்து, "இது பிழைக்காதுடா" என்றாள். இந்த வகை மெதுவாகத்தான் குளிரும், திறக்காமல் விடும்மா என்றேன். பின்பக்கம் அடியில் கொதிகலன் கை வைக்க முடியாத சூடு, அதற்குப் பக்கத்துச் சுருள் குழாய் நல்ல வெதுவெதுப்பு. இந்த இரண்டாவது சூடு ரொம்ப முக்கியம். கொதிகலன் மட்டும் சுட்டு, அந்தச் சுருள் ஜில்லென்று கிடந்தால் உள்ளே ஓட்டம் இல்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து மறுபடி நிமிர்த்தி எழுப்பிவிடுகிறவர்கள் உண்டு, அடைப்பு லேசாக இருந்தால் பலிக்கவும் செய்யும். இதற்கு அந்த அவசியமே வரவில்லை.

காலை ஐந்தரைக்கு அறையில் 31, பெட்டிக்குள் 6. அம்மாவை எழுப்பிக் காட்டினேன். பாட்டிலை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

ஆக, பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கடையில் விட்டிருந்தால் நல்ல பெட்டியை அறுத்துத் திறந்திருப்பார்கள்.

மே 14, புதன்

வேனில் பெட்டி இருந்த இடத்தைப் பார்க்கப் போனேன். அழகான தேக்குப் பலகை அலமாரி, ஃபிரிட்ஜ் கச்சிதமாக உள்ளே போகும். பின்பக்கம் ஒரு விரல் இடைவெளி. மேலும் கீழும் அடைப்பு. காயில் விடுகிற சூடு போக வழியே இல்லை, அதே சூட்டுக் காற்று அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. தச்சரைக் கூப்பிட்டு, பின் சுவரில் தரையோடு ஒரு ஜன்னலும் உச்சியில் ஒரு ஜன்னலும் வெட்டச் சொன்னேன். கீழே குளிர்ந்த காற்று நுழைய, மேலே சூடு வெளியேற. இரண்டுக்கும் கம்பி வலை, இல்லாவிட்டால் குளவி மறுபடி வரும். மேல் ஜன்னலில் பழைய கம்ப்யூட்டர் மின்விசிறி ஒன்று.

மச்சானுக்குச் சரிவு விஷயத்தைத் திரும்பவும் அழுத்திச் சொன்னேன். ஓடுகிற வண்டி முன்னும் பின்னும் ஆடுவதால் பரவாயில்லை, திரவம் எப்படியும் வழிந்துவிடும். நிறுத்தின வண்டிதான் ஆபத்து. மூன்று டிகிரி சாய்வுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாய்ந்த நிலையில் ஹீட்டர் ஓடிக்கொண்டே இருந்தால் கொதிகலன் வறண்டு காய்ந்து, அந்தக் குரோமேட்டே கெட்டியாகிக் குழாயை நிரந்தரமாக அடைத்துவிடும். சமதரை கிடைக்காவிட்டால் அணைத்துவிடு என்றேன். "சக்கரத்துக்கு அடியில கட்டை வைக்கிறேன் மாமா" என்றான். கட்டை வைத்த பிறகும் ரசமட்டம் பார் என்றேன்.

மே 17, சனி

எல்லாம் பொருத்தி, வாணியம்பாடிவரை போய் வந்தோம். வேப்ப மரத்தடியில் நிறுத்திப் பகல் பன்னிரண்டிலிருந்து நாலுவரை ஓட விட்டேன். வெளியே 40, வேனுக்குள் 43. ஃபிரிட்ஜுக்குள் 17, அதற்குக் கீழே இறங்கவில்லை. மச்சான் சோர்ந்துவிட்டான். எனக்கு அது நியாயமாகவே பட்டது. இந்த வகை, சுற்றியிருக்கிற சூட்டிலிருந்து இருபது, இருபத்தைந்து டிகிரி இறக்கும். அதற்கு மேல் கேட்டால் கொடுக்க அதனிடம் இல்லை. ஸ்வீடனில் பிறந்த பெட்டியிடம் பாலாற்றங்கரை மே மாதத்தில் 6 டிகிரி கேட்க முடியாது. மின்சாரமற்ற ஊர்களில் தடுப்பூசி வைத்திருந்த அந்தப் பழைய பெட்டிகளின் இடத்துக்கு இப்போது சோலார் பெட்டிகள் வந்திருப்பதற்கு, வெப்பநிலையை இவற்றால் நன்றாகக் கட்டுக்குள் வைக்க முடியாததும் ஒரு காரணம்.

அதனால் முடிவு செய்துவிட்டேன். இந்தப் பெட்டியில் மோர், தண்ணீர், காய், பூ இருக்கட்டும். கிளம்புவதற்கு முந்தின ராத்திரியே வீட்டுக் கரண்டில் போட்டுக் குளிரவைத்து, குளிர்ந்த பொருளையே உள்ளே வைத்தால் பாதி வேலை மிச்சம். அம்மாவின் திறக்காத குப்பிகள் வீட்டிலேயே கம்ப்ரசர் ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் இருக்கும். பயணத்துக்கு ஒரு குப்பி மட்டும், அகன்ற வாய் தெர்மாஸ் ஃபிளாஸ்கில், ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து. கட்டியில் நேரே படக்கூடாது, உறைந்த இன்சுலினை உருகிய பிறகும் போடக் கூடாது, தூக்கி எறிய வேண்டியதுதான். பால் போல் இருக்கிற வகையை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, கட்டி கட்டியாகவோ கண்ணாடியில் ஒட்டியோ இருந்தால் அதுவும் வேண்டாம். இதை ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி அம்மாவின் மருந்துப் பையில் வைத்துவிட்டேன், அவள் கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவுக்கு.

ஆடி மாதம் மறுபடி மேல்மலையனூர். மச்சான் நாளைக்கு ஆம்பூர் பஜாரில் சின்ன ரசமட்டம் ஒன்று வாங்கி டாஷ்போர்டில் ஒட்டப் போகிறான். குறுக்கே ஒன்று, நீளவாக்கில் ஒன்று, இரண்டாக வாங்கச் சொல்லியிருக்கிறேன்.