எங்கள் எலும்புகளைத் தமிழில் அறியத் தந்தவருக்கு

மதிப்புக்குரிய வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஐயா அவர்களுக்கு,

நான் சாவகச்சேரியில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கும் ஆசிரியை. நீங்கள் 1884 இல் காலமாகிவிட்டீர்கள். ஆனாலும் பட்ட கடனை ஊரறியச் சொல்லித்தான் ஆகவேண்டும். அதனால் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

நீங்கள் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் 1822 இல் பிறந்தவர். 1847 இல் அமெரிக்க மிஷனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தீர்கள். மானிப்பாயில் நோயாளரைப் பார்த்துக்கொண்டே 1848 முதல் எங்கள் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்தீர்கள். முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தீர்கள். ஆங்கிலத்தில் படித்துத் தேறியவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர்களுக்குப் போய்விட, கிராமத்து நோயாளிக்கு வைத்தியர் இல்லாமலே இருந்தது. அதைக் கண்ட நீங்கள் 1860களில் வகுப்பையே தமிழுக்கு மாற்றினீர்கள். உங்களிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதுக்கும் மேல்; அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலேயே படித்தவர்கள்.

வகுப்பைத் தமிழுக்கு மாற்றினால் நூல்களும் தமிழில் வேண்டுமல்லவா? 1850களிலேயே கட்டர் என்பவர் எழுதிய உடலமைப்பு நூலைத் தமிழாக்கியிருந்தீர்கள். லண்டனில் ஹென்றி கிரேயின் உடற்கூற்று நூல் வெளிவந்தது 1858 இல். பதினான்கே ஆண்டுகளில், 1872 இல், அது ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் யாழ்ப்பாணத் தமிழருக்குக் கிடைத்தது. தொடையென்பின் தலை எந்தக் குழியில் பொருந்துகிறது, முள்ளந்தண்டு எத்தனை துண்டுகளால் ஆனது, எந்தத் தசை எந்த எலும்பில் பற்றியிருக்கிறது என்பதையெல்லாம் தமிழ் மட்டுமே அறிந்த ஒருவர் விளக்கெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் வாசித்து அறிய முடிந்தது. அந்தப் பெரும்பணியில் உங்களோடு சேர்ந்து உழைத்த தமிழ் மாணவர்களுக்கும் இந்த நன்றியில் சம பங்கு உண்டு. 1873 இல் நாடு திரும்பிய பிறகும் அங்கிருந்தபடியே தமிழ் மருத்துவ நூல்களுக்காக வேலை செய்தீர்கள் என்பதை நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது.

இன்று என் வகுப்பில் வன்கூட்டுப் பாடம் இப்படித் தொடங்கும். வளர்ந்த மனிதருக்கு 206 எலும்புகள். மண்டையோடு, முள்ளந்தண்டு, விலாக்கூடு முதலியன அடங்கிய அச்சு வன்கூட்டில் 80. கைகால்களும் அவற்றைத் தாங்கும் தோள், இடுப்பு வளையங்களும் சேர்ந்த தூக்க வன்கூட்டில் 126. ஒரு கையின் மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை 27, ஒரு பாதத்தில் 26. இரண்டு கைகளையும் இரண்டு பாதங்களையும் கூட்டினால் 106 வரும். உடம்பிலுள்ள எலும்புகளில் பாதிக்கு மேல் அங்கேதான் என்றதும் பிள்ளைகள் தங்கள் விரல்களை மடக்கி நீட்டிப் பார்ப்பார்கள். தங்கள் உடம்பைத் தாங்களே தொட்டுத் தமிழில் எண்ணும் அந்த வேளையில் எனக்கு உங்கள் நினைவு வரும்.

எங்கள் பாடநூலில் இன்றிருக்கும் சொற்கள் எல்லாம் உங்களுடையவை அல்ல. பின்வந்த கலைச்சொற் குழுக்கள் பலவற்றை மாற்றின. ஆனால் உடலின் உள்ளமைப்பை முழுவதுமாகத் தமிழில் எழுதவும் கற்பிக்கவும் முடியும் என்பதைச் செய்து காட்டி, பின்வந்தோருக்குத் துணிவு தந்தவர் நீங்கள்.

அந்த அறிவு சோதனைத் தாளோடு முடிந்துவிடுவதில்லை. எங்கள் சாவகச்சேரி அமைந்திருக்கும் தென்மராட்சி மாமரங்களின் பிரதேசம். மரத்திலிருந்து விழும் பிள்ளை கையை நிலத்தில் ஊன்றும். அப்போது பல வேளைகளில் முறிவது தோளின் முன்புறத்தில் உள்ள காறையென்பு. கையை உடலோடு எலும்பால் இணைப்பது அந்த ஒன்றுதான். நிலத்தில் பட்ட அதிர்ச்சி முன்கை, புயவென்பு, தோட்பட்டை வழியாக ஏறி அதன் நடுப்பகுதியைத் தாக்குகிறது. இதை அறிந்த தாய், பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்காமல் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைத்தியசாலைக்குக் கொண்டுபோவாள்.

பனையிலிருந்து தவறி விழும் சீவல் தொழிலாளியின் நிலை இன்னும் கடுமையானது. விலாக்கள் பிணைத்திருப்பதால் நெஞ்சுப் பகுதியின் 12 முள்ளென்புகள் அதிகம் அசையா. அவற்றுக்குக் கீழே இடுப்புப் பகுதியின் ஐந்தும் வளைந்து கொடுப்பவை. இவை இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் முறிவு அதிகம் நேர்கிறது. அந்த எலும்பு வளையங்களின் ஊடே முண்ணாண் செல்கிறது. விழுந்தவரைப் பதறிப்போய் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கினால், முறிந்த எலும்பு விலகி அந்த முண்ணாணைச் சிதைத்து, இரண்டு கால்களும் நிரந்தரமாகச் செயலிழக்கலாம். “தூக்காதேயுங்கோ, முதுகு வளையாமல் பலகையில கிடத்துங்கோ” என்று சொல்லத் தெரிந்த ஒருவர் பனையடியில் நிற்க வேண்டும். அங்கே நிற்பவர்கள் பேசுவது தமிழ். அவர்களுக்கு அந்த அறிவு தமிழிலேதான் போய்ச் சேரும்.

யுத்தமும் எங்களுக்கு எலும்புகளைப் பற்றிக் கற்பித்தது. 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி நகரம் இடிந்து கிடந்தது. கிழக்கே முகமாலைப் பக்கம் கண்ணிவெடிகள் பல காலம் மண்ணுக்குள் கிடந்தன. கால் இழந்தவர்களுக்கு முழங்கால் மூட்டு தப்பியதா இல்லையா என்பதே வாழ்க்கையைத் தீர்மானித்தது. மூட்டு மிஞ்சினால் செயற்கைக் காலோடு வயலுக்கும் போகலாம், சைக்கிளும் மிதிக்கலாம். அது போய்விட்டால் ஒவ்வோர் அடிக்கும் அதிக பலம் வேண்டும். யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிறுவனத்தில் செயற்கைக் கால் செய்து பொருத்துவோரும் அதை அணிந்து நடை பழகுவோரும் இதையெல்லாம் தமிழிலேயே கதைத்துக்கொண்டார்கள்.

எலும்பை உயிரற்ற பொருளாக நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வீட்டின் தூணைப் போல அது எங்களைத் தாங்குவது உண்மை. ஆனால் தூண் தன்னைத்தானே பழுதுபார்ப்பதில்லை. எலும்பில் பழையதைக் கரைக்கும் கலங்களும் புதியதைக் கட்டும் கலங்களும் வாழ்நாள் முழுதும் வேலை செய்கின்றன. மார்புப்பட்டை, விலா, முள்ளென்பு, இடுப்பென்பு ஆகியவற்றின் செம்மச்சையில் இரத்தக் கலங்கள் பிறக்கின்றன. கல்சியம் குறைந்தால் உடல் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மாதவிடாய் நின்ற பெண்களில் கரைப்பு வேகமாகி, கட்டுமானம் பின்தங்கிவிடுகிறது. அதனால் வழுக்கி விழுந்தாலே தொடையென்பின் கழுத்து முறிந்துவிடலாம். இதைக் கேட்ட மாணவிகள் வீட்டுக்குப் போய் அம்மம்மாவுக்குச் சொல்கிறார்கள். முருங்கைக்கீரையும் நெத்தலிக் கருவாடும் எதற்காக வேண்டும், கிணற்றடியின் பாசியை ஏன் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பது அப்படித்தான் வீட்டுக்கு வீடு தெரியவருகிறது.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். நீங்கள் உங்கள் சமயத்தைப் பரப்ப வந்த மிஷனைச் சேர்ந்தவர். அந்த வேறுபாட்டால் என் நன்றி ஒரு துளியும் குறையவில்லை. உங்கள் பணியை மறதியிலிருந்து மீட்டு எங்களுக்குத் தந்த கவிஞர் அம்பி எங்கள் தென்மராட்சியின் நாவற்குழியில் பிறந்தவர். உங்களைப் பற்றி அவர் எழுதிய நூல்கள் இல்லாவிட்டால் இந்த மடலை எழுதும் அளவுக்கு உங்களை நான் அறிந்திருக்க மாட்டேன். அவருக்கும் இங்கே நன்றி சொல்கிறேன்.

உங்களுக்குச் செய்யும் நன்றி செயலாகவும் இருக்க வேண்டும். இதை வாசிக்கும் வைத்தியர்களிடம் ஒரு வேண்டுகோள். எக்ஸ்றே படத்தை வெளிச்சத்தில் பிடிக்கும்போது, நோயாளியையும் அருகில் அழைத்து, எந்த எலும்பு, எங்கே முறிந்தது, எப்படிப் பொருந்தும், எத்தனை கிழமை செல்லும் என்று தமிழில் சொல்லுங்கள். ஆசிரியர்களிடமும் கேட்கிறேன்: வன்கூட்டைப் பாடமாக்கச் சொல்வதோடு நிற்காமல், விழுந்தவரை எப்படித் தூக்க வேண்டும் என்பதையும் வகுப்பில் செய்து காட்டுங்கள். கிறீன் ஐயா, நீங்கள் தமிழில் எழுதியது வைத்தியமும் அதன் அறிவும் ஊரில் தங்க வேண்டும் என்பதற்காக. அதைத் தங்க வைப்பது எங்கள் பொறுப்பு.


சாவகச்சேரியிலிருந்து ஓர் உயிரியல் ஆசிரியை